முக்தார் பாயின் அரைமணி ஆம்ப்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள்தான் அதைக் கிளப்பியும் விடுவார்கள். ஆனால் பிரிஸ்கில்லா பொய் சொன்னாள் என்று ஒருத்தரும் என்னைச் சொன்னதில்லை. 1996 டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை காலையில், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு, நான் என் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். ஒரு பழைய கிடார் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிய பொய்.

அந்த ஆம்ப் எங்களுடையதுகூட இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருக்கும் முக்தார் அகமதுவுடையது. அப்பா கிருபானந்தம், வேலூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் ஆம்பூரில் எட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தார். முக்தார் பாயின் மகளைப் பத்தாம் வகுப்புக் கணக்கில் கரையேற்றியவர் அவர்தான். அந்த நன்றிக்காக வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு பாயின் கம்பெனி வேனில் அந்த ஆம்ப் எங்கள் சர்ச்சுக்கு வந்து இறங்கும். பாடகர் குழுவுக்கு அப்பா தலைவர், என் தம்பி அபினேஷ் கிடார். நான் பாடினால் சபை கலைந்துவிடும் என்பதால் என்னை ஒயர் சுருட்ட வைத்திருந்தார்கள்.

அது இங்கிலாந்தில் செய்த ஆம்ப். 1967-ல் தோல் வியாபாரமாக அங்கே போன பாயின் அப்பா, காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காக வாங்கி, ஷூ சாம்பிள்களோடு கப்பலில் ஏற்றி அனுப்பியது. கிடார் ஆம்பில் வால்வுகளை விட்டுவிட்டு டிரான்சிஸ்டர் போட ஆரம்பித்த புதிது. ஆள் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் உடம்புக்கு ஆகாது. அதனால் பாய் ஒரு கண்டிஷன் போட்டுத்தான் அனுப்புவார். அரைமணி வாசித்தால் பத்து நிமிஷம் அணைத்துவைக்க வேண்டும். மீறினால் அதற்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், சத்தம் கரகரவென்று உடையும். சர்ச்சில் எல்லோரும் அதை அரைமணி ஆம்ப் என்றுதான் சொல்வோம்.

நான் ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற டெக்னீசியன். ஈசிஜி மெஷின், சக்‌ஷன் மோட்டார், எடை பார்க்கிற மெஷின் எல்லாம் என் மேஜைக்கு வந்து போகும். அந்த வருஷம் ஆராதனைக்கு முந்தைய நாள் சனிக்கிழமை மதியம், வால்யூம் திருகினால் கொரகொர என்கிறது என்று அபினேஷ் புலம்பினான். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஆம்பின் பின்பக்கத்தைத் திறந்தேன். ஸ்பிரிட் விட்டு வால்யூமைத் துடைத்ததும் கொரகொர போய்விட்டது. அத்தோடு மூடியிருக்க வேண்டும். கை சும்மா இருந்தால்தானே? உள்ளே, கரண்டைத் தேக்கிவைக்கிற கண்டன்சர் ஒன்று அடியில் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு மூடிவைக்க எனக்கு மனசு வரவில்லை. பழசைக் கழற்றி எறிந்துவிட்டு, என் பெட்டியில் இருந்த நீல நிறக் கண்டன்சர் ஒன்றை வைத்துச் சால்டர் அடித்தேன். ஐந்து நிமிஷம் போட்டுப் பார்த்தேன், பாடியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அந்த நிமிஷம்தான்.

மறுநாள் ஆராதனையில், பாட்டுகள் நீண்டுகொண்டே போயின. அபினேஷ் ஐம்பது நிமிஷம் நிறுத்தாமல் வாசித்தான். வெளியே விடாத தூறல். கடைசிப் பாட்டின் நடுவே ஆம்ப் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தது, அப்புறம் மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. திங்கட்கிழமை நான் டியூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் பாயின் வேன் வந்து அதை எடுத்துப் போய்விட்டது. கொஞ்சம் அதிகமாக வாசித்துவிட்டோம் என்று அப்பா டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்கு மதியம், ஆஸ்பத்திரி மேஜையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அது என் கண்ணில் பட்டது. நான் பார்த்துப் பழகிய மெஷின்களில் எல்லாம் மைனஸைத்தான் தகரத்தோடு, அதாவது உள்ளே இருக்கிற சட்டத்தோடு, சேர்ப்பார்கள். அறுபதுகளில் வந்த அந்தப் பழைய டிரான்சிஸ்டர்களுக்குப் பெரும்பாலும் தலைகீழ் வழக்கம். பிளஸ்தான் தகரத்தில். கண்டன்சருக்கு பிளஸ் ஒரு கால், மைனஸ் ஒரு கால். கால் மாற்றி வைத்தால் அது சூடாகி, வெடித்து, கூட இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். நான் எந்தக் காலை எங்கே வைத்தேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பழக்கதோஷத்தில் மைனஸைத்தான் தகரத்தில் வைத்திருப்பேன் என்றே தோன்றியது. அந்த மாதிரி டிரான்சிஸ்டரை இப்போது யாரும் செய்வதில்லை, கேட்டாலும் கிடைக்காது. முக்தார் பாய் முப்பது வருஷம் கட்டிக்காத்ததை நான் ஒரு மதியத்தில் கொன்றுவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

கிறிஸ்துமஸ் கேக் எனக்கு மண் மாதிரி இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலையில் பாய் போன் செய்தார். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிரிஸி, ஆம்ப் சுத்தமா பேச மாட்டேங்குதாம். ரெண்டு ஃப்யூஸ் மாத்தி, ரெண்டும் போய்ட்டுதாம். அத நீ இன்னா பண்ணே? தொறந்தியா?"

'திறந்தாயா' என்று மட்டும் கேட்டிருந்தால் ஒருவேளை ஆமாம் என்று சொல்லியிருப்பேன். 'இன்னா பண்ணே' என்றதும் எனக்கு மூக்கு நுனியில் ஏறிவிட்டது. விசாரணைக்கு முன்பே தீர்ப்பா?

"நான் ஏம்பா தொறக்கப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லயா?"

அப்பா கையை எடுத்தார். "பாய், எம்பொண்ணு தொடவே இல்ல. அவ தொடலன்னா தொடலதான். அவ வாயில பொய் வராது."

அந்தப் பக்கம் பாய் என்ன சொன்னார் என்று அப்பா சந்தோஷமாக எனக்குச் சொன்னார். ஆஸ்பத்திரி மெஷினையே சரி பண்ணுகிற பெண்தானே, அவளையே ஒரு நடை கூட்டிக்கொண்டு வாருங்கள். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் நோன்பு ஆரம்பித்துவிடும், அப்புறம் நான் கிடாரைத் தொட மாட்டேன், அதற்குள் பார்த்துவிடலாம். அடுத்த சனிக்கிழமை வருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

நான் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். ஆம்ப் செத்ததுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவள் வாயில் பொய் வராது என்று அப்பா பாயிடம் சொன்னாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூடியைத் திறந்தால், முப்பது வருஷத்துப் பழுப்புச் சாமான்களுக்கு நடுவே என் நீலக் கண்டன்சர் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். அப்பாவின் பேச்சு பாயின் முன்னால் பொய்யாகப் போகும்.

ஜனவரி நாலாம் தேதி ஆம்பூர் பஸ்ஸில் ஏறினோம். ரிப்பேர்ப் பெட்டி என் மடியில். பள்ளிகொண்டா வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பள்ளிகொண்டாவில் அப்பா பக்கத்து சீட்டுக்காரரிடம், "எம்பொண்ணு. ஆஸ்பத்திரியில எந்த மிஷின் நின்னாலும் இவதான்" என்று ஆரம்பித்தார். மாதனூரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மாதனூரில் அந்த ஆள் தன் வீட்டு மிக்ஸியைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். ஆம்பூர் வந்துவிட்டது.

முக்தார் பாய்க்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். நெடுநெடுவென்று, வெள்ளை ஜிப்பாவில், வாசலிலேயே நின்றிருந்தார். மனைவி தவறி நாலு வருஷம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்தப் பெரிய வீட்டில் முன் அறையில் ஒரு சோபா, ஒரு போன், சுவரில் ஒரு கிடார், நடுவில் மேஜை மேல் ஆம்ப். ஆபரேஷனுக்குத் தயாரான நோயாளியைப் போல அதற்கு அடியில் வெள்ளைத் துணி வேறு விரித்திருந்தார்.

"வாம்மா. பொறுமையா பாரு. இன்னாவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு, நான் பேஜாராவ மாட்டேன்" என்றார்.

அவர் அப்படி நல்லவராக இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து என் கையையே பார்த்தார்கள். எட்டுத் திருகாணி. ஒவ்வொன்றையும் ஒரு வருஷம் கழற்றுவது போல் கழற்றினேன். மூடியை எடுத்ததும் நீலக் கண்டன்சர் என்னைப் பார்த்தது. நான் டார்ச்சை அடித்து அதன் காலைப் பார்த்தேன்.

பிளஸ் கால் தகரத்தில் இருந்தது.

நம்பாமல் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. என் மூளைதான் மறந்திருக்கிறது. என் கை, பழைய கண்டன்சர் மேல் இருந்த குறியைப் பார்த்து அதே மாதிரி ஒழுங்காக வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு இல்லை, நிஜமாகவே மார்புக்குள் ஒன்று வந்து உட்காருகிறது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதோடு இன்னொன்றும் புரிந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் கண்டன்சர் எது, கத்தரிக்காய் எது என்று தெரியாது. நீலமாக ஒன்று இருப்பதைப் பற்றி இவர்கள் கேட்கவே போவதில்லை. நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தப்பித்தேன்.

மனசு லேசாகிவிட்டதால் வேலை வேகமாக ஓடியது. ஃப்யூஸ் போகிறது என்றால் எங்கேயோ கரண்ட் தகரத்தில் பாய்கிறது. தகரத்தின் மேல் இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்கள், எட்டணா அளவு வட்டத் தலையோடு உட்கார்ந்திருந்தன. அவற்றின் உடம்பிலேயே கரண்ட் ஓடும். அதனால் டிரான்சிஸ்டருக்கும் தகரத்துக்கும் நடுவே கண்ணாடி போல மெல்லிய மைக்கா தகடு ஒன்று இருக்க வேண்டும். மீட்டரை வைத்தேன். ஒரு டிரான்சிஸ்டரில் மீட்டர் கத்தியது, கரண்ட் தகரத்துக்குப் பாய்கிறது என்று அர்த்தம். அதன் நட்டுகளைக் கழற்றித் தூக்கினேன். சுட்ட தோல் வாசனை வந்தது. ஆம்பூரில் தோல் வாசனை வந்தால் யார் கவனிப்பார்கள்? ஆனால் இது டிரான்சிஸ்டருக்கு அடியிலிருந்து வந்தது. மைக்கா இருக்க வேண்டிய இடத்தில், அதே வடிவத்தில் வெட்டிய ஒன்று, கருகிச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு டிரான்சிஸ்டருக்கு அடியிலும் அதே.

"அங்கிள், இது இன்னாது?"

பாய் எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. "அது நம்ம கைவேலைம்மா. நம்ம டேனரி ஆட்டுத்தோல், பளபளன்னு கிளேஸ் போட்டது. அரை மில்லிமீட்டர்கூட இல்ல, நானே தோல் சீவற ஸ்கைவிங் கத்தியில சீவி எடுத்தேன். எழுவத்தெட்டுல தொடைக்கறதுக்குக் கழட்டனப்போ அந்த மைக்கா பொடியா போச்சி. ஊர்ல எங்கயும் கெடைக்கல. மெல்லிசா இருக்கணும், கரண்ட் பாயக் கூடாது, அவ்வளவுதானே? எங்ககிட்ட இல்லாத தோலா?"

நான் அந்தக் கருகலைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் டிரான்சிஸ்டருக்கு அடியில் தோலை வைக்கத் தோன்றியிருக்காது.

"போட்டப்புறம் எவ்ளோ நேரம் வாசிச்சுப் பாத்தீங்க?"

"ரெண்டு பாட்டு. ஜம்முனு இருந்துச்சி. அடுத்த வாரம் நயீம் வாங்கிட்டுப் போனான், வாணியம்பாடியில ஒரு கல்யாணத்துக்கு. அங்கதான் கெட்டுது. திரும்பி வந்தப்போ அரைமணிக்கு மேல தாங்கல. அன்னியிலேர்ந்து இப்டித்தான்."

"நயீம் யாரு?"

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "நயீம் அகமது. சின்ன வயசு தோஸ்த். காலேஜ்ல எங்க பேண்ட்ல அவன் பேஸ் கிடார். இப்போ பேரணாம்பட்டுல இருக்கான். பேச்சு இல்ல, பத்தொம்போது வருஷமாச்சி. கெடுத்தத நான் விட்டிருப்பேம்மா. ஆனா எம்மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு, நான் ஒண்ணுமே பண்ணலன்னான் பாரு. அத விட முடியல."

சோபாவிலிருந்து அப்பா தலையாட்டினார். "அதான் பாய் விஷயம். தப்பு எவனுக்கும் வரும். பொய் சொல்லக் கூடாது."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் காது வரைக்கும் குறுகுறுத்தது.

"அங்கிள், அவர் கெடுக்கல" என்றேன். "மைக்கா கரண்ட விடாது, ஆனா சூட்ட விடும். டிரான்சிஸ்டர் சூடெல்லாம் அது வழியாத்தான் தகரத்துக்குப் போவணும். தோலு சூட்டப் போவ விடாது. நீங்க அதுக்குக் கம்பளி போத்தி வெச்சிருக்கீங்க. அரைமணியில அதுக்குக் காய்ச்சல் வந்துடுது. மழை நாள்ல தோல் ஈரத்த வேற குடிக்கும். இந்த மழையில கருகி, கரண்டும் பாய்ஞ்சிடுச்சி."

பாய் கொஞ்சம்கூட அசையவில்லை. "மிஷின்ல தப்பு இருக்கலாம். நம்ம தோல்ல தப்பு இருக்காதும்மா."

பெரியவரிடம் வாதாடுவதைவிட வேலை செய்வது சுலபம். டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் துடைத்து மீட்டரில் பார்த்தேன். நல்லவேளையாக, ஃப்யூஸ் முந்திக்கொண்டு செத்து அவற்றைக் காப்பாற்றியிருந்தது. என் பெட்டியில் ஆஸ்பத்திரி மெஷின்களுக்கென்று வைத்திருக்கும் மைக்கா இருந்தது. சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசையைத் தடவி, மைக்காவை வைத்து, நட்டை இறுக்கிப் புது ஃப்யூஸ் போட்டேன். ஸ்விட்சைத் தட்டியதும் மெலிசாக ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. பாய் சுவரிலிருந்து கிடாரை எடுத்தார்.

நன்றாகத்தான் வாசித்தார். விரல்கள் கொஞ்சம் துரு ஏறியிருந்தாலும் தாளம் தப்பவில்லை. அப்பா தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். முப்பது ஆனது. முப்பத்தைந்து. நாற்பது. சத்தம் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. நாற்பத்தெட்டாவது நிமிஷத்தில் பாட்டின் நடுவே அவர் கை தானாக நின்றுவிட்டது. கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஆம்பையே பார்த்தார்.

"அப்போ நயீம் பொய் சொல்லல" என்றார்.

மேஜையில் கிடந்த அந்தக் கருகலை எடுத்துப் பார்த்தார்.

"நான் வெச்ச தோலு" என்றார். அப்புறம், "இனிமே சொல்லி இன்னா ஆவப்போவுது. அவனும் மறந்திருப்பான். ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சி" என்று கிடாரைத் துடைக்கத் தொடங்கினார்.

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. என் கோபங்களில் முக்கால்வாசி வீண் கோபம், ஆனால் இது அப்படி இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் நான் விட்ட நிம்மதிப் பெருமூச்சு எனக்கு ஞாபகம் இருந்தது. அதை ஒருத்தருக்குக் கொடுக்க இவரால் முடியும். ஒரு போன் தூரம். இவர் துணியை எடுத்துக் கிடாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"மறந்திருக்க மாட்டாரு அங்கிள்" என்றேன். "எனக்குத் தெரியும். இந்த ஆம்ப்ப நான் தொறந்தேன்."

அப்பா தலையைத் தூக்கினார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னால. அதோ, அந்த நீலக் கலர்ல இருக்கே, அது நான் போட்டது. தொறக்கலன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன். என்னாலதான் கெட்டுதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். பதிமூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. இங்க வந்து தொறந்து பாத்தப்புறம்தான் நான் கெடுக்கலன்னு தெரிஞ்சது. பதிமூணு நாளுக்கே எனக்கு இப்டி. அவருக்குப் பத்தொம்போது வருஷம் அங்கிள்."

சொல்லி முடித்த பிறகுதான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் சிறுத்துப் போயிருந்தது. வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை காப்பியடித்துப் பிடிபட்டால் அப்படித்தான் ஆவார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பாய்கிட்ட அவ்வளவு அடிச்சு சொன்னேனே பிரிஸி" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது, இந்த முறை தூசியைச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்தார்.

"பாய், எம்பொண்ணு சொல்லிட்டா. இப்போ நீங்க."

முக்தார் பாய் கிடாரைச் சுவரில் மாட்டினார். நம்பர் இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் டைரியையும் தேடவில்லை, நேராக டயல் செய்தார். பேசாத ஆளின் நம்பரை மனப்பாடமாக வைத்திருந்தது எங்களுக்குத் தெரிந்துவிட்டதே என்று அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்திருக்கும்.

அவர்கள் உருதுவில் பேசிக்கொண்டார்கள். ஆம்பூரில் வளர்ந்தவளுக்கு அது புரியும், போனில் வந்த குரலும் அறை முழுக்கக் கேட்டது. "நயீம், முக்தார் பேசுகிறேன்" என்றார். பாய் சலாம் சொல்லவும் மறந்து, ஒரே மூச்சில் மைக்கா, ஆட்டுத்தோல், சூடு என்று எல்லாவற்றையும் கொட்டினார். "தப்பு என்னுடையது. நீ ஒன்றும் செய்யவில்லை. நீ அன்றைக்குச் சொன்னது உண்மை. என்னை மன்னித்துவிடு" என்று முடித்தார்.

லைன் போய்விட்டதோ என்று பாய் எங்களைப் பார்த்தார். அப்புறம் ஒரு கம்மிய குரல் வந்தது.

"அப்படியென்றால் அந்த டீ?"

"எந்த டீ?"

நயீம் அகமது சொன்னார். வாணியம்பாடிக் கல்யாணத்தில் ஒரு கிளாஸ் டீயை ஆம்பின் மேல் வைத்திருக்கிறார். கை பட்டு, முழு டீயும் பின்பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே கொட்டிவிட்டது. துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே ஆம்ப் தொண்டை கட்டிக்கொண்டது. "உன் அப்பா கப்பலில் அனுப்பியது. உன்னிடம் எப்படிச் சொல்வேன்? ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்புறம் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் மனைவி மௌத்தான அன்றைக்குத் தெருமுனை வரை வந்தேன் முக்தார். வீட்டுக்குள் வர முடியவில்லை."

பாய் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "பைத்தியக்காரா, நாம் இரண்டு பேரும் பைத்தியக்காரர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

பாய் போனை என்னிடம் கொடுத்தார். "உங்கிட்ட பேசணுமாம்."

"நீதான் தொறந்து பாத்தியாம்மா?" நயீம் அங்கிள் தமிழில் கேட்டார். வயதான, தயங்கித் தயங்கி வருகிற குரல்.

"ஆமா அங்கிள்."

"உள்ள டீக் கறை இருக்குதா?"

போனின் சுருள் ஒயர் எட்டுகிற வரை இழுத்துக்கொண்டு, டார்ச்சை அடித்து ஆம்புக்குள் தேடினேன். அடிப்பலகையின் இடது ஓரத்தில், உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை காய்ந்து கிடந்தது. முதலில் திறந்தபோது அதைப் பழைய வார்னிஷ் என்று நினைத்திருந்தேன். தகரத்துக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். விரலால் தடவிப் பார்த்தேன். மேலே ஏறிப் போன சுவடு எதுவும் இல்லை.

"இருக்குது அங்கிள். மரத்து மேலதான், ஓரமா. சாமான் எதுலயும் படல. ஒரு சொட்டுகூட படல."

அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"நல்லா பாத்தியாம்மா?"

"நல்லா பாத்தேன் அங்கிள். நீங்க கெடுக்கல."

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

நான் இன்னொரு தடவை சொன்னேன், கொஞ்சம் மெதுவாக.